பெயரை மறவாத சிறுமி

நுழையும்முன்

ஒரு பொருளைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணத்தைத் தக்க சான்றுகளுடன் எடுத்துரைப்பது கருத்துரை ஆகும். ஓர் அசைவூட்டப் படம் கற்பிக்கும் வாழ்க்கைப் பாடத்தைப் பற்றிய கருத்துரை இது.



அனிமேஷன் எனப்படும் அசைவூட்டப் படங்கள் சிறுவர்களின் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியவை என்று பெரியோர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு, ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி உருவாக்கிய ஒரு படமே போதிய சான்றாகும். 2001ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம், உலகெங்கும் ‘ஸ்பிரிட்டட் அவே’ என்னும் ஆங்கிலப் பெயரால் அறியப்படுகிறது. 2002இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதையும், 2003இல் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கர் விருதையும் அது பெற்றது. எனினும், சொந்த ஊரை விட்டு வெளியூரில் வளரும் உங்களுக்கு அப்படம் சொல்லும் செய்தியே அவ்விருதுகளினும் பெரிதென்பது என் கருத்து.

கதையின் தலைவி சிஹிரோ பத்து வயதுச் சிறுமி. அவளுடைய குடும்பம் புதிய ஊருக்குக் குடிபெயர்கிறது. தோழியர் தந்த மலர்க்கொத்தைப் பற்றிக்கொண்டு, காரின் பின்னிருக்கையில் முகம் வாடிக் கிடக்கிறாள். பெற்றோரின் பணிமாறுதலால் பள்ளி மாறிய மாணவர்கள் அவ்வாட்டத்தை எளிதில் உணர்வர். வழிதவறிய அக்குடும்பம், ஒரு குகைவழியைக் கடந்து மாய உலகம் ஒன்றை அடைகிறது. ஆளில்லாத கடையில் இருந்த உணவை உண்ட பெற்றோர் பன்றிகளாக மாறிவிடுகின்றனர். அவர்களை மீட்கும்வரை அங்கே தங்கவேண்டுமெனில், தெய்வங்கள் நீராட வரும் விடுதியில், யுபாபா என்னும் சூனியக்காரியிடம் சிஹிரோ வேலை செய்தாக வேண்டும்.

வேலை கேட்டு வந்த சிறுமியை ஒப்பந்தத்தில் பெயரெழுதச் சொல்லும் யுபாபா, ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தன் கைக்குள் கவர்ந்துகொள்கிறாள். ‘சிஹிரோ’ என்னும் பெயர், பொருளைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளால் எழுதப்படுவது. முதலெழுத்துக்கு ஆயிரம் என்று பொருள். அடுத்த எழுத்து, இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைக் குறிக்கும் ஓர் அளவு. நம் கடலோர மீனவர் அவ்வளவைப் ‘பாகம்’ என்பர். ஆயிரம் பாகம், அதாவது அளந்தறிய இயலாத ஆழம் என்பதே அப்பெயரின் பொருள். எஞ்சிய முதலெழுத்தைத் தனியே வாசித்தால் ‘சென்’ என்று ஒலிக்கும். பெயரில் இருந்த ஆழம் பறிபோயிற்று. ஆயிரம் என்னும் எண் மட்டும் மிஞ்சிற்று.

நம் பெயர்களை இவ்வாறு பறிப்பவர் எவருமில்லை. ஆயினும் அவை தேய்வதுண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவது தமிழர் வழக்கம். குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களில் தந்தையின் பெயரையே நிரப்புவதால், மகளைத் தந்தையின் பெயரால் அழைக்கும் நிலையும் நேர்கிறது. ழகரம் பழகாத நாவில் யாழினி ‘யாலினி’ ஆகிறாள். எழிலன் ‘எலிலன்’ ஆகிறான். இவை எவருடைய தீய எண்ணத்தாலும் நிகழ்வன அல்ல. ஆனால், திருத்திச் சொல்ல நாணிய யாழினி, தன்னையே ‘யாலினி’ என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் நாளில் இழப்பு தொடங்கிவிடுகிறது.

பெயரை மறந்தவர் வீடு திரும்பும் வழியையும் மறப்பர் என்று, அவ்விடுதியில் உள்ள ஹாக்கு என்னும் சிறுவன் சிஹிரோவை எச்சரிக்கிறான். அவன் காத்துத் தந்த பழைய உடைகளுக்கிடையே, தோழியர் எழுதிய பிரியாவிடை அட்டை இருக்கிறது. அதில் தன் பெயரைப் படித்த பின்னரே, தான் அதனை மறக்கத் தொடங்கியதை அவள் உணர்கிறாள். ஹாக்குவோ தன் பெயரை அடியோடு மறந்தவன். பேராற்றல் இருந்தும் அவன் யுபாபாவின் ஏவலுக்கு அடங்கித் திருடவும் துணிகிறான்.

அவ்வாறாயின், புதிய இடத்தோடு ஒட்டாமல் ஒதுங்கி வாழ்வதே தன்னைக் காக்கும் வழியோ என்று வினவலாம். படம் அவ்வாறு கூறவில்லை. ‘சென்’ ஆன பின்னர்தான் சிஹிரோ வளர்கிறாள். உதவிய முதியவருக்கு நன்றி சொல்லவில்லையே என்று லின் என்னும் பணிப்பெண் கடிந்துகொண்ட பிறகு, நன்றி கூறக் கற்கிறாள், தளம் துடைக்கிறாள். நாற்றம் தாங்காமல் அனைவரும் விலகி நின்ற விருந்தினரை அவள் நீராட்டுகிறாள். அவர் உடலில் முள்போல் தைத்திருந்ததைப் பற்றி இழுத்தபோது, மிதிவண்டியும் குப்பைக்கூளமும் வெளிவருகின்றன. மனிதர் கொட்டிய கழிவால் உருமாறிய ஓர் ஆற்றின் தெய்வமே அவ்விருந்தினர்.

படத்தின் ஜப்பானியத் தலைப்பில் சென், சிஹிரோ ஆகிய இரண்டு பெயர்களும் இடம்பெற்றுள்ளன. நமக்கும் இரண்டும் வேண்டும். வாழும் ஊரின் மொழியைக் கற்று, தோழரோடு கலந்து பழகி உழைப்பது சென்னின் திறம். பாட்டியோடு தமிழில் பேசி, தன் வேர்களை அறிந்திருப்பது சிஹிரோவின் ஆழம். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிட வேண்டியதில்லை.

ஹாக்குவின் பெயர் மீண்ட விதம் இன்னும் சிந்திக்கத்தக்கது. குழந்தைப் பருவத்தில் தான் ஓர் ஆற்றில் விழுந்ததாகத் தாய் சொன்னது சிஹிரோவின் நினைவுக்கு வருகிறது. அந்த ஆறு இப்போது இல்லை. அதன்மேல் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. ‘கொஹாக்கு’ என்று அவ்வாற்றின் பெயரை அவள் சொன்னவுடன், தானே அந்த ஆறு என்பதை ஹாக்கு அறிந்துகொள்கிறான். நிலத்தில் மறைந்த ஆறு, ஒரு தாய் மகளுக்குச் சொன்ன செய்தியில் பிழைத்திருந்தது. வீட்டில் பெரியோர் கூறும் பழங்கதைகளைக் கேட்டு வைப்பது வீணன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆதலால், உங்கள் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதப் பழகுங்கள். அதன் பொருளையும், அதனைச் சூட்டிய காரணத்தையும் பெற்றோரிடம் கேட்டறியுங்கள். பிறர் பிழைபட அழைத்தால், சினவாமல் ஒலித்துக் காட்டுங்கள். அருகில் அமர்ந்திருக்கும் தோழரின் பெயரையும் முறையாக ஒலிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அப்பெயருக்கும் ஓர் ஆழம் உண்டு.

சிந்தித்து எழுதுக

1. ‘சென்’, ‘சிஹிரோ’ ஆகிய இரு பெயர்களும் எவ்வெவற்றை உணர்த்துவதாகக் கட்டுரையாசிரியர் கருதுகிறார்?
2. ஹாக்கு தன் பெயரை மீண்டும் அறிந்தது எவ்வாறு?
3. உங்கள் பெயரின் பொருளையும் அதனைச் சூட்டிய காரணத்தையும் வீட்டில் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.