சந்தேகப்படக் கற்போம்!

‘துப்பறியும் நாவலா? ரயிலில் படித்துவிட்டு, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதானே!’ என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. கொலையும் களவும் மலிந்த கதைகள் இளைஞர் உள்ளத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சும் பேராசிரியப் பெருமக்களும் உண்டு. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. நல்ல குற்ற நாவல் குற்றம் செய்யக் கற்றுத் தருவதில்லை. விசாரியாமல் தீர்ப்பளிக்காதே என்பதையே கற்றுத் தருகிறது.

இது மேனாட்டிலிருந்து வந்த புதுப்பாடமா? இல்லை. சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். பழியைச் சுமந்தவனோ ஊருக்குப் புதியவனான கோவலன். ஒருவன் வாய்ச்சொல்லை நம்பி, விசாரணையின்றி ஆணையிட்டான் பாண்டியன். பிறகு கண்ணகி சிலம்பை உடைத்தபோது தெறித்தவை மாணிக்கப் பரல்கள். அரசியின் சிலம்பிலோ முத்துகள். அந்தத் தடயத்தைப் பார்க்க அரசன் ஒரு நாழிகை செலவிட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான், மதுரையும் பிழைத்திருக்கும் அன்றோ!

இந்த நோக்கில் ஐந்து நாவல்களை நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். முடிவை மட்டும் சொல்லமாட்டேன், அஞ்ச வேண்டாம்.

முதலாவது, வில்கி காலின்ஸ் 1868-இல் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’. கதை தொடங்குவது நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தில். 1799-இல் திப்புவின் கோட்டை வீழ்ந்தபோது ஆங்கில அதிகாரி ஒருவன் கொள்ளையடித்த வைரம், பின்னர் இங்கிலாந்தில் ஒரு மாளிகையிலிருந்து காணாமற் போகிறது. உடனே காவலில் வைக்கப்படுபவர்கள் யார்? அங்கு வந்திருந்த மூன்று இந்தியர்கள். அடுத்து ஐயப் பார்வை யார்மீது விழுகிறது? முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்றுத் திருந்தி வாழும் ஏழைப் பணிப்பெண் ரோசன்னா மீது. கௌரவமானவர்களை நோக்கி நம் கண் திரும்புவதற்கு எத்தனை பக்கங்கள் ஆகின்றன என்று எண்ணிக்கொண்டே படியுங்கள்.

இரண்டாவது, அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’. 1926-இல் வெளிவந்த இந்நூலில் தடயங்கள் எல்லாம் நம் கண்முன்னேதான் கிடக்கின்றன. ஆயினும் நாம் காண்பதில்லை. ஏன் காணவில்லை என்பதை முடித்தபின் ஆராய்ந்தால், எவரை நம்புவது என்று நாம் எப்படி முடிவு செய்கிறோம் என்பதே விளங்கிவிடும். முடித்தவுடன் முதல் பக்கத்திற்கே திரும்பத் தூண்டும் நூல் இது.

மூன்றாவது, தாஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866). எம்.ஏ. சுசீலா அவர்களின் தமிழாக்கத்திலும் படிக்கலாம். கொன்றவன் யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் நம்மைப் போன்ற மாணவன். வறுமையால் படிப்பை விட்டவன். அடகு பிடிக்கும் கிழவியைக் கொன்றால் உலகிற்கு நன்மை என்று கணக்குப் போட்டவன். அந்தக் கணக்கு அவன் உள்ளத்திலேயே எப்படிச் சிதறுகிறது என்பதுதான் கதை. இடையில், குற்றமே செய்யாத எளிய வண்ணம் பூசும் தொழிலாளி ஒருவன், ‘நானே கொன்றேன்’ என்று தானாக வந்து சொல்கிறான். வேறொருவராயின் வழக்கை அத்துடன் முடித்திருப்பார். விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவ்வாறு செய்யவில்லை. அங்கேதான் அவர் உயர்ந்து நிற்கிறார்.

நான்காவது, பட்ரீசியா ஹைஸ்மித்தின் ‘தி டாலண்டட் மிஸ்டர் ரிப்ளி’ (1955). இது உளவியல் நாவல். கொலை செய்து, கொல்லப்பட்டவனின் பெயரிலேயே வாழத் துணியும் ஒருவனின் உள்ளத்திற்குள் ஆசிரியை நம்மை உட்கார வைத்துவிடுகிறார். காவலர் கதவைத் தட்டும்போது, ‘ஐயோ, அகப்பட்டுக் கொள்வானோ!’ என்று நம் நெஞ்சே பதறுகிறது. நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்று நம்மையே கேட்கவைக்கும் அந்த நொடிக்காகவே இதைப் படிக்கலாம்.

ஐந்தாவது நம் தமிழில். சுஜாதாவின் முதல் நாவலான ‘நைலான் கயிறு’, 1968-இல் குமுதத்தில் தொடராக வந்தது. வழக்கறிஞர் கணேஷ் முதன்முதலாக அடியெடுத்து வைத்தது இதில்தான். சுருக்கமான நடையில், துப்பறியும் கதையைத் தமிழில் எவ்வளவு புதுமையாகச் சொல்லலாம் என்று காட்டிய நூல்.

‘இவையெல்லாம் கற்பனை, வாழ்க்கைக்கு உதவுமா?’ என்று கேட்கலாம். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலின் வாழ்விலேயே விடை இருக்கிறது. பம்பாயிலிருந்து சென்ற பார்சி ஒருவரின் மகன் ஜார்ஜ் எடல்ஜி. இங்கிலாந்தில் வழக்கறிஞராக இருந்த அவர், இரவில் ஒரு குதிரையைச் சிதைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1903-இல் ஏழாண்டு தண்டனை பெற்றார். மூன்றாண்டுகள் சிறையில் கழித்தார். அவரைச் சந்திக்கச் சென்ற டாயில், அவர் செய்தித்தாளை முகத்தருகே பிடித்துப் படிப்பதைக் கண்டார். கண் மருத்துவம் பயின்ற டாயிலுக்கு உண்மை விளங்கிவிட்டது. இவ்வளவு மங்கிய பார்வை உடையவர் இருட்டில் வயல்வெளியைக் கடந்து அச்செயலை எவ்வாறு செய்திருக்க முடியும்? டாயில் பத்திரிகையில் எழுதினார், வாதாடினார். 1907-இல் எடல்ஜிக்கு மன்னிப்பு கிடைத்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைவதற்கு இந்த வழக்கும் ஒரு காரணமாயிற்று.

நம் அளவில் பார்ப்போம். விடுதியில் ஒரு கைப்பேசி காணாமற் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் யார் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்? கிழிந்த சட்டைக்காரன் பெட்டியையா, புது மோட்டார் சைக்கிளில் வருபவன் பெட்டியையா? விடையை உங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன். பொருள் பிறகு கட்டிலுக்கடியிலேயே கிடைத்துவிடலாம். ஆனால் பலர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து காட்டியவனின் மானத்தை யார் மீட்டுத் தருவது?

யார் சொன்னாலும் உண்மையைத் தேடிப் பார் என்றார் வள்ளுவர். அந்தத் தேடலுக்குச் சுவையான பயிற்சி இந்நூல்கள் என்பது என் துணிபு. நாளை நம்மில் சிலர் ஆசிரியராவோம்; சிலர் காவல்துறைக்கும் நீதிமன்றத்திற்கும் செல்வோம். பிறர் வாழ்வைப் பற்றி முடிவு சொல்லும் இடத்தில் அமரும் முன், நம் முதல் எண்ணத்தையே சந்தேகிக்கப் பழகுவோம். நூலகர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: மேற்சொன்ன ஐந்தையும் வாங்கி, எல்லார் கையும் எட்டும் அலமாரியில் வையுங்கள். நண்பர்களே, வரிசையில் நிற்க வாருங்கள்!