நகல் இருக்கிறது, நேற்று இருக்கிறதா?

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்தும் இடங்களில் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ரெப்ளிகேஷன் போட்டாயிற்று, இனி தனியாக பேக்கப் எதற்கு என்பதே அது. ஒரு சர்வரில் வந்து விழும் மடல் சில நொடிகளில் இன்னொரு சர்வரிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது, ஒன்று படுத்தால் மற்றது எழுந்து நிற்கும், அப்படியிருக்க இரவெல்லாம் ஓடும் பேக்கப்புக்கு டிஸ்க்கும் நேரமும் செலவழிப்பானேன் என்று கேட்கிறார்கள். செலவைக் கவனிக்கும் நிர்வாகிக்கு இந்தப் பேச்சு பிடிக்கிறது. வேலை குறைகிறதே என்று அட்மினுக்கும் பிடிக்கிறது. ஆனால் இந்த வாதம் அடித்தளத்திலேயே தவறு. ரெப்ளிகேஷன் இன்றைய நிலையை இரண்டு இடங்களில் வைக்கிறது. நேற்றைய நிலையை அது எங்கேயும் வைப்பதில்லை. மின்னஞ்சலைப் பொறுத்தவரை நமக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அந்த நேற்றுதான்.

முதலில், ரெப்ளிகேஷன் எதைக் கொண்டுபோகிறது என்று பார்க்க வேண்டும். மடல்களைக் கொண்டுபோகிறது என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. அது கொண்டுபோவது மாற்றங்களை. டோவ்காட் மெயில் சர்வரின் டி-சிங்க் கருவி இரு பக்கத்து அஞ்சல்பெட்டிகளையும் ஒப்பிட்டு, ஒரு பக்கம் நடந்ததை மறுபக்கமும் நடத்துகிறது. சைரஸ் ஐமேப் சர்வர், மாறிய பெட்டிகளின் பெயரை ஒரு லாக்கில் எழுதிக்கொண்டே போக, அதைப் படித்து மறுமுனைக்கு ஒப்பிக்கும் நிரல் ஒன்று பின்னாலேயே ஓடுகிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 1 எம்பி அளவுள்ள லாக் கோப்புகளை அனுப்பி, மறுபக்கத்தில் அவற்றை மீண்டும் நிகழ்த்துகிறது. டிஆர்பிடி இன்னும் கீழே இறங்கி, டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டையும் அப்படியே மற்ற இயந்திரத்தின் டிஸ்க்கிலும் எழுதுகிறது. அழிப்பதும் ஒரு மாற்றம்தானே? பயனர் தவறுதலாக ஒரு ஃபோல்டரையே காலி செய்தாலும், கைபேசியில் தப்பாக அமைத்த செயலி பழைய மடல்களைத் துடைத்தாலும், தேதியைப் பிழையாக எழுதிய ஒரு கட்டளையால் அட்மின் 300 பேரின் இன்பாக்ஸை வெறுமையாக்கினாலும், அது நியாயமான உத்தரவா விபத்தா என்று ரெப்ளிகேஷனுக்குத் தெரியாது. விசுவாசமாக நிறைவேற்றும். டிஆர்பிடி போன்ற அடித்தட்டு முறையில் கோப்பு முறைமையே சிதைந்துபோனால், அந்தச் சிதைவும் பிசகில்லாமல் மறுபக்கம் போய்ச் சேரும். நகல் எவ்வளவு வேகமாக ஒத்துப்போகிறதோ, மனம் மாறுவதற்கான அவகாசம் அவ்வளவு குறைகிறது.

ரெப்ளிகேஷனே வீண் என்பதல்ல என் வாதம். டிஸ்க் செத்துப்போவது, மதர்போர்டு எரிந்துபோவது, டேட்டா சென்டரில் மின்சாரம் நின்றுபோவது ஆகிய மூன்றுக்கும் அதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் முற்றாக அழிந்தது. வேறு ஊரில் உயிருள்ள நகல் வைத்திருந்தவர்கள் அன்று தப்பித்தார்கள். அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்த சிலர் அதையும் சேர்த்து இழந்தார்கள். ஆகவே பேக்கப் என்ற சொல்லுக்கு மந்திரசக்தி எதுவும் இல்லை. எது எந்த ஆபத்துக்கு என்ற பகுப்புதான் முக்கியம். இங்கே மின்னஞ்சலுக்கே உரிய ஒரு தன்மையையும் நினைவில் கொள்ள வேண்டும். எஸ்எம்டிபி நெறிமுறை தாமதத்தை முன்பே எதிர்பார்த்து எழுதப்பட்டது. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321, பெறும் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பும் சர்வர் குறைந்தது நான்கைந்து நாளாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் இயல்பாகவே 5 நாள் வரிசையில் வைத்திருக்கும். நமது சர்வர் ஆறு மணி நேரம் படுத்தால், வரவேண்டிய மடல்கள் பெரும்பாலும் தொலைவதில்லை, தாமதமாகின்றன. பயனர் பெட்டியைத் திறக்க முடியாமல் தவிப்பார், அது உண்மையான கஷ்டம், அதைக் குறைக்க ரெப்ளிகேஷன் தேவை. ஆனால் அதே ஆர்எஃப்சி இன்னொன்றையும் சொல்கிறது. 250 என்ற ஒப்புதலைக் கொடுத்துவிட்ட சர்வர், அந்த மடலுக்கு முழுப் பொறுப்பேற்கிறது. பின்னால் இயந்திரம் விழுந்தது போன்ற அற்பக் காரணங்களுக்காக அதைத் தொலைக்கக் கூடாது. ஆக, நின்றுபோவதை மன்னிக்கும் மின்னஞ்சல், ஏற்றுக்கொண்டதை இழப்பதை மன்னிப்பதில்லை. மன்னிக்கப்படும் குறைக்கு இரண்டு சர்வர் வாங்கிவிட்டு, மன்னிக்கப்படாத குறைக்கு ஒன்றுமே செய்யாமல் இருக்கிறோம்.

அடுத்த வாதம், கூகுள் மாதிரிப் பெரிய நிறுவனங்களே பல நகல்களை நம்பித்தான் ஓடுகின்றன, நாம் ஏன் அஞ்ச வேண்டும் என்பது. இதற்குக் கூகுளின் அனுபவமே பதில். 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயனர்களில் சிலர் காலையில் பெட்டியைத் திறந்தபோது மடல்கள், ஃபோல்டர்கள் எதுவுமே இல்லை. கூகுள் பின்னர் சொன்ன கணக்கு, பயனர்களில் 0.02 சதவீதம். சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நுழைந்த ஒரு பிழை அதற்குக் காரணம். பல டேட்டா சென்டர்களில் பல நகல்கள் இருந்தும், பிழை பல நகல்களையும் தாக்கிவிட்டது. எல்லா நகல்களையும் ஆள்வது ஒரே மென்பொருள் என்றால், அதன் பிழையும் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும் அல்லவா? அந்த மடல்களை மீட்டுத் தந்தது, இணைப்பிலிருந்து விலகி அலமாரியில் கிடந்த டேப். பெரிய நிறுவனத்தைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் அந்த டேப்பையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டும்.

எதிர்த்தரப்பின் கையில் இருப்பதிலேயே வலுவான சான்று மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச். 2010 பதிப்பில் டேகு எனப்படும் சர்வர் குழு வந்தபோது, ஒரு குழுவில் 16 சர்வர் வரை சேர்க்கலாம், போதிய நகல்கள் இருந்தால் வழக்கமான பேக்கப்பைக் கைவிடலாம் என்று அந்த நிறுவனமே எழுதியது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பரிந்துரையின் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்தால் நம் வாதமே அங்கே நிற்கிறது. குறைந்தது மூன்று நகல்கள் வேண்டும். அழித்த மடல்களைப் பயனர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குறிப்பிட்ட நாள்கள் பிடித்து வைக்க வேண்டும், இயல்பான அளவு 14 நாள். தர்க்கச் சிதைவுக்கு, வேண்டுமென்றே பின்தங்க வைத்த ஒரு நகல் வேண்டும்; லாக் கோப்புகள் அதற்கு வந்து சேரும், ஆனால் 14 நாள் வரை அவற்றை நிகழ்த்தாமல் தாமதப்படுத்தலாம். பிற்காலப் பரிந்துரை நான்கு நகல்கள், அவற்றில் ஒன்று 7 நாள் பின்தங்கியது. பின்தங்கிய நகல் என்பது வேறென்ன, நேற்றைச் சேமிக்கும் ஏற்பாடுதானே? பேக்கப் வேண்டாம் என்று அவர்கள் சொன்னபோது, பேக்கப்பின் வேலையை வேறு உருவில் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். நம் ஊர் அலுவலகங்களில் அந்த நிபந்தனைகள் உதிர்ந்துபோய், இரண்டு சர்வரும் முடிவுரையும் மட்டும் மிஞ்சின. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிந்தைய பதிப்புகளில், நல்ல நிலையிலுள்ள நகல்களின் எண்ணிக்கை குறைந்தாலோ டிஸ்க்கில் இடம் நெருக்கினாலோ, பின்தங்கிய நகல் தானாகவே லாக்குகளை நிகழ்த்தி இன்றைய நிலைக்கு வந்துவிடும். சேவையைக் காப்பாற்ற அது சரியான முடிவு. ஆனால் நெருக்கடி முற்றும் வேளையில் நேற்று கரைந்துவிடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டே அதை நம்ப வேண்டும்.

இரு பக்கமும் எழுதி முடித்த பிறகே ஒப்புதல் தரும் முறையில் அமைத்தால் ஒரு மடல்கூடத் தொலையாது என்பது மூன்றாவது கூற்று. கோட்பாட்டில் சரி, விலைதான் மறைக்கப்படுகிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வர 10 மில்லி நொடிக்குக் குறையாது, கேபிள் சுற்றிப்போகும் பாதையில் இன்னும் கூடும். ஒரு மடலை இறக்குவதற்குள் டிஸ்க்கில் பலமுறை எழுத வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. அதனால்தான் நடைமுறையில் தொலைதூர ரெப்ளிகேஷன் பெரும்பாலும் பின்னால் வந்து சேரும் வகையாகவே இருக்கிறது. டோவ்காட் 2.3இல் மறுபக்கம் சேரும்வரை இத்தனை நொடி காத்திரு என்று அமைக்கலாம், ஆனால் அந்த நேரம் கடந்தால் அது காத்திருப்பை விட்டுவிட்டு மேலே போய்விடும். இணைப்பு மந்தமாகும் நாளில் உத்தரவாதம் சத்தமில்லாமல் தளர்ந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் முதல் சர்வர் விழுந்தால், 250 சொல்லி ஏற்ற சில மடல்கள் இரண்டாவதில் இருக்காது. காத்திருப்பு எதுவுமின்றி எல்லாம் சரியாக நடந்தாலும், முன்பு சொன்ன அழிப்புப் பிரச்சினை அப்படியே இருக்கிறது, இன்னும் வேகமாக.

ஒன்று விழுந்தால் மற்றது தானாகப் பொறுப்பேற்கும், யாரும் கைவைக்க வேண்டாம் என்ற கூற்றும் அதே போன்றதுதான். இரண்டே சர்வர்கள் இருக்கும்போது, மற்றவன் செத்துவிட்டானா அல்லது நடுவிலுள்ள கம்பி அறுந்துவிட்டதா என்று தீர்மானிக்க இருவராலும் முடியாது. மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். சாட்சி இல்லாமல் இருவரும் தலைமை ஏற்றால் இரு பக்கமும் தனித்தனியே மடல் வாங்கத் தொடங்கும். ஐமேப்பில் ஒவ்வொரு மடலுக்கும் ஃபோல்டருக்குள் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணை நம்பித்தான் பயனரின் கணினியும் கைபேசியும் எது புதிது எது பழையது என்று அறிகின்றன. பிரிந்திருந்த காலத்தில் ஒரே எண் இரண்டு வெவ்வேறு மடல்களுக்குப் போய்விட்டால், சேரும்போது சிலவற்றுக்கு மறு எண் கொடுத்தாக வேண்டும். மிக மோசமான நிலையில் ஃபோல்டரின் அடையாளமே மாறி, ஒவ்வொரு கருவியும் எல்லா மடல்களையும் முதலிலிருந்து இறக்கும்.

கைவைக்க வேண்டாம் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மின்னஞ்சலுக்கு வெளியேயிருந்து ஒரு சான்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவ்வளவு வெளிப்படையாகத் தன் தவறை எழுதியவர்கள் குறைவு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பின்தங்கிப்போன டேட்டாபேஸ் ரெப்ளிகேஷனைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், இரண்டாம் சர்வர் என்று எண்ணி முதல் சர்வரின் தரவையே அழித்துவிட்டார். அன்றாடம் ஓடியதாக நம்பிய பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மடல்கள், டிமார்க் அமைப்பில் இருந்த குறையால் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்நேரத்து நிலைப் பதிவு) இருந்ததால் மிச்சம் பிழைத்தது. பேக்கப்பும் பொய்க்கும் என்று இதைக் காட்டி வாதிடலாம். பொய்க்கும், மீட்டுப் பார்க்காத பேக்கப் நிச்சயம் பொய்க்கலாம். ஆனால் அன்று காப்பாற்றியதும் ஒரு நேற்றுதான், ரெப்ளிகா அல்ல.

தாக்குபவரைப் பற்றிய பேச்சு இந்த விவாதத்தில் அபூர்வமாகவே வருகிறது. 2019 பிப்ரவரி 11 அன்று விஎஃப்ஈமெயில் என்ற மின்னஞ்சல் சேவையின் அமெரிக்க சர்வர்களை ஒருவர் ஒவ்வொன்றாக ஃபார்மேட் செய்தார், பணம்கூடக் கேட்கவில்லை. 2001 முதல் ஓடிவந்த சேவையின் மடல்கள் போயின, பேக்கப் சர்வர்களும் போயின. ஒரே வலையில், ஒரே சாவியில் எல்லாம் திறக்கும்போது நகலுக்கும் பேக்கப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. ஆகவே பேக்கப் இயந்திரம்தான் மெயில் சர்வருக்குள் போய் எடுத்துவர வேண்டும், மெயில் சர்வரிடம் பேக்கப்பைத் தொடும் உரிமை இருக்கவே கூடாது. ரெப்ளிகா இதற்கு நேரெதிர். மறுபக்கத்தில் எழுதவும் அழிக்கவும் முழு உரிமை இருந்தால்தான் அது வேலையே செய்யும்.

ரெப்ளிகாவின் மேலேயே மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் போதாதா என்று விவரமறிந்தவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி, பெருமளவு போதும். சிறிய அமைப்புகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் அதுதான்: பயனர் தொடும் சர்வரை விட்டுவிட்டு நகலின் டிஸ்க்கில் ஸ்னாப்ஷாட், அவற்றை வேறு சாவியில் திறக்கும் மூன்றாவது இயந்திரம் இழுத்துக்கொள்ளட்டும். மடலுக்கொரு கோப்பு வைக்கும் அமைப்புகளில் மெயில் என்பது எழுதியபின் மாறாத சிறுகோப்புகளின் குவியல், அதனால் அடுத்தடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் பிடிக்கும் கூடுதல் இடம் ஏறத்தாழ அன்றைய வரவின் அளவுதான். இடமில்லை என்ற சாக்கு இதன்பின் நிற்காது. மீட்க நேரமாகும் என்பது மட்டும் நியாயமான குறை. அந்த நேரத்தில் சேவையைத் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் ரெப்ளிகா.

கருவியும் நிரந்தரமல்ல. ஆயிரக்கணக்கான சிறு சர்வர்கள் நம்பியிருந்த டோவ்காட் ரெப்ளிகேஷன், 2025 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அதை வைத்திருப்பவர்கள் பழைய 2.3இலேயே நிற்க வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும். அப்படி நிற்பவர்கள் தினமும் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு: தோற்றுப்போய் மறுமுயற்சிக்குக் காத்திருக்கும் பயனர்களின் எண்ணிக்கை. அது பூஜ்யமாக இல்லாத வரை நகல் முழுமையாக இருப்பதாகச் சொல்ல முடியாது.

மீட்கும் நாளில் வரும் சிக்கலை, ரெப்ளிகேஷனே போதும் என்பவர்கள் யோசித்ததேயில்லை. இருபக்கமும் ஓடும் ஜோடியில் ஒரு பக்கத்தின் பெட்டியை நேற்றைய நிலைக்கு அப்படியே திருப்பி வைத்தால், மறுபக்கம் அழிப்பு நடந்ததை நினைவில் வைத்திருக்கும். அடுத்த ஒப்பீட்டில் மீட்ட மடல்கள் மறுபடியும் அழிந்துபோக வாய்ப்புண்டு. அதனால் மீட்பதைப் பழைய கோப்புகளைப் பழைய இடத்தில் கொட்டுவதாகச் செய்யக் கூடாது. பயனரின் பெட்டியில் ‘மீட்டவை’ என்று தனி ஃபோல்டர் திறந்து, டோவ்காட்டின் இறக்குமதிக் கட்டளை வழியாக அவற்றைப் புதிய மடல்களாக, புதிய எண்களோடு உள்ளே விட வேண்டும். அப்போது அதே ரெப்ளிகேஷன் அவற்றைச் சில நொடிகளில் மறுபக்கமும் சேர்த்துவிடும்.