வழக்கறிஞர் மட்டும் போதாது

மணவிலக்கு, குழந்தையின் பொறுப்புரிமை ஆகியவற்றுக்காகக் குடும்பநல நீதிமன்றம் செல்லும் பெற்றோர், வழக்கறிஞரை அமர்த்தியவுடன் வேண்டிய துணை அனைத்தும் கிடைத்துவிட்டதாக எண்ணுகின்றனர். வழக்கறிஞர் சட்டத்தைக் கவனிப்பார். வாய்தா நாளில் தாய் உண்ணாமல் காத்திருப்பதும், இரு வீடுகளுக்கிடையே குழந்தையின் இன்ஹேலர் விடுபட்டுப்போவதும் அவர் பொறுப்பில் வாரா. அவற்றின் விளைவை நாங்கள் புறநோயாளிகள் பிரிவில் காண்கிறோம்.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் இத்தேவையை உணர்ந்தே இயற்றப்பட்டது. அதன் 13ஆம் பிரிவின்படி, வழக்கறிஞர் வழியாக வழக்காடுவதைத் தரப்பினர் உரிமையாகக் கோர இயலாது. 6ஆம் பிரிவு ஆலோசகர்களுக்கும், 12ஆம் பிரிவு மருத்துவர், குடும்பநல வல்லுநர் ஆகியோரின் உதவிக்கும் இடமளிக்கின்றன. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

இவற்றோடு, உறவினருள் நிதானமான ஒருவரைத் துணையாகக் கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. சினத்தைத் தூண்டுபவர் அதற்கு உதவார். வாய்தா தேதிகளைக் குறித்துவைத்தல், ஆவணங்களை ஒழுங்குபடுத்துதல், மருந்துச் சீட்டின் நகலை இரு வீடுகளிலும் சேர்த்தல், நீதிமன்ற வளாகத்தில் உடனிருத்தல் ஆகியவை அவர் பணிகள். அவர் வாதாட வேண்டியதில்லை. பெற்றோரிடையே குழந்தை தூது செல்லும் நிலை வராமல் தடுத்தாலே அது பேருதவி.

வழக்கு நடப்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டா. உறக்கமின்மைக்கும் குழந்தையின் திடீர் வயிற்றுவலிக்கும் காரணம் தெரிந்தால், தேவையற்ற பரிசோதனைகளைத் தவிர்க்க இயலும்.