‘எந்த ஊரு?’ – ஆங்கிலத்தில் ஒரு பதில்

ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம்தான். தேர்வாளர் அடையாள அட்டையைச் சரிபார்த்ததும், சொந்த ஊர், வீடு, படிப்பு என்று எளிதான கேள்விகளில் தொடங்குவார். பதற்றம் தணியட்டும் என்பதற்காகவே அந்தக் கேள்விகள்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு முயலும் நம் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். எழுத்துப் பகுதியில் 7 வாங்குகிறவர்கள்கூட அந்த எளிதான கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள். மாவட்டத் தலைநகரின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சொல்வளம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் அதுவல்ல. ‘எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று பேருந்திலும் விடுதியிலும் வாடகைக்கு வீடு தேடும்போதும் கேட்கப்பட்டவர்கள் இவர்கள். அது ஊரைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வியல்ல என்பது நமக்குத் தெரியும். பதிலைச் சுருக்கித் தப்பிப்பது இவர்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. தேர்வு அறையில் அந்தச் சுருக்கத்துக்குச் சரளமின்மை என்று பெயர்.

மதிப்பெண் நான்கு கூறுகளுக்கு: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. நம் தமிழ்ச் சாயலுக்காக மதிப்பெண் குறைப்பதில்லை; சொல்வது புரிகிறதா என்பதே கணக்கு. ஆனால் பயிற்சி மையங்கள் பலவற்றில் நுனிநாக்கு ஆங்கிலமும் மனப்பாடப் பத்திகளும்தான் விற்பனை. என் பொழுதுபோக்கு பியானோ, கோடையில் மலைவாசத்தலம் போவோம் என்று நம் பிள்ளை ஒப்பிக்கிறது. மனப்பாடத்தைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட எனக்கு வலிப்பது வேறு: தன் வாழ்க்கை ஆங்கிலத்தில் சொல்லத் தகுதியற்றது என்று அந்தப் பிள்ளையை நம்பவைத்திருக்கிறார்கள்.

எனவே நாங்கள் பயிற்சியை ஊரிலிருந்தே தொடங்குகிறோம். குடியிருப்பு எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார் – இதை நான்கு நிமிடம் பேச வேண்டும். பிறகு அதையே மூன்று நிமிடத்தில், அடுத்து இரண்டு நிமிடத்தில். ஒவ்வொரு முறையும் தயக்கம் குறைவதைக் கைப்பேசிப் பதிவில் அவர்களே கேட்கிறார்கள். சாதியைச் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் உரிமை. தேர்வாளர் அதைக் கேட்கப்போவதில்லை. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம் என்பதையும் தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் திரும்பக் கேட்டதற்குத் திட்டு வாங்கியவர்கள் இல்லையா?

இதை யாரும் ஆங்கில மோகம் என்று ஒதுக்க வேண்டாம். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் நாடு முழுமைக்கும் 125 இடங்கள்தான். பெரும்பகுதி பட்டியல் சாதியினருக்கு. விண்ணப்பிக்கும்போதே நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். பேச்சில் அரை மதிப்பெண் குறைந்தால் பல்கலைக்கழகம் அந்தக் கடிதத்தைத் தராது. தேர்வுக் கட்டணம் ரூ.17,000-ஐத் தாண்டிவிட்டது. கணினி வழித் தேர்வில் ஒரு பகுதியை மட்டும் ஒருமுறை திரும்ப எழுதலாம்; அதற்கும் தனிக் கட்டணம். கூலி வேலைக் குடும்பத்தில் இதை இரண்டாம் முறை யாரிடம் கேட்பது?

சென்ற மாதம் ஒரு மாணவிக்கு ‘நீர்நிலை அருகே உள்ள ஓர் இடம்’ என்ற அட்டை கொடுத்தேன். ஒரு நிமிடம் குறிப்பெடுத்துவிட்டு, தன் பாட்டி இறங்க முடியாத ஊர்க் குளத்தைப் பற்றிப் பேசினார். இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆனால் எங்கும் நிற்கவில்லை. இரண்டு நிமிடம் முடிந்ததும் நான்தான் நிறுத்தினேன். அடுத்த மாதம் அவருக்குத் தேர்வு. ‘நீங்கள் ரசித்த ஒரு சுற்றுலா’ என்ற அட்டைக்கு மட்டும் இன்னும் திணறுகிறார். அவர் எங்கும் சுற்றுலா போனதில்லை. கல்லூரிக்குப் போன முதல் நாள் பேருந்துப் பயணத்தைப் பேசிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.