கழிவை பில்லிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்

"நானா, கொழும்பிலிருந்து அந்தக் காசு வந்திச்சா?"

கற்பிட்டியைச் சேர்ந்த மீனவச் சகோதரர் ஒருவர் மூன்று மாதங்களாக எனது கடைப்படி ஏறிக் கேட்ட கேள்வி இது. பெருநாளைக்கு முன்னர் பிரிட்ஜ் ஒன்று வாங்கியிருந்தார். 5,000 ரூபாவைக் கம்பனி திருப்பித் தரும் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினார். ஆனால் அந்தக் கழிவு கடையில் கிடைக்காது. படிவத்தை நிரப்பி, பெட்டியிலுள்ள பார்கோட்டை வெட்டி, அசல் பில்லுடன் 30 நாட்களுக்குள் கம்பனிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். எட்டு முதல் பத்து வாரங்களில் காசோலை வரும். "இன்ஷா அல்லாஹ் வரும்" என்று நானும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

மேலைநாடுகளில் இதை 'மெயில் இன் ரிபேட்' என்பார்கள். விளம்பரத்தில் குறைந்த விலையைக் காட்டலாம். ஆனால் வாங்குபவர் முழு விலையையும் முதலில் கட்டியாக வேண்டும். ஒரு பகுதியினர் மறந்துவிடுவார்கள், இன்னொரு பகுதியினர் படிவத்தில் பிழை விடுவார்கள். இப்படிக் கொடுபடாமல் மிஞ்சும் தொகையையும் கணக்குப் போட்டே கழிவு அறிவிக்கப்படுகிறது. வாடிக்கையாளரின் மறதியில் இலாபம் பார்ப்பதை வியாபாரத் தந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எமது கரையோரத்தில் இதன் சிக்கல் இன்னும் அதிகம். ஒரே முஹம்மது என்ற பெயர் ஆங்கிலத்தில் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறுவிதமாகவும், நாம் அவசரத்தில் எழுதும் பில்லில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். காசோலை வந்தாலும் வங்கியில் திரும்பிவிடும். விலாசமோ 'பள்ளிக்குப் பின்னால்' என்ற அளவில்தான். அசல் பில்லைக் கம்பனிக்கு அனுப்பிவிட்டால், பிரிட்ஜ் பழுதாகும்போது உத்தரவாதத்துக்குக் காட்ட என்ன இருக்கிறது? பார்கோட் வெட்டிய பெட்டியை மாற்றித் தரவும் மறுக்கிறார்கள்.

இதில் கடைக்காரருக்கு என்ன பொறுப்பு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் கொம்ப்யூஎஸ்ஏ என்ற கணினிக் கடைத் தொடருக்கு நடந்ததைப் பாருங்கள். கியூபிஎஸ் என்ற தயாரிப்பாளர் அறிவித்த ரிபேட் பணம் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அது தெரிந்தும் கடை தொடர்ந்து விளம்பரம் செய்தது என்று மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றம் சாட்டியது. 2005 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, தயாரிப்பாளர் தர வேண்டிய அந்தப் பணத்தையும் கடையே கொடுக்க வேண்டியதாயிற்று. பெஸ்ட் பை நிறுவனமும் அதே ஆண்டில், தபால் ரிபேட்டை இரண்டு வருடங்களுக்குள் கைவிடப் போவதாக அறிவித்தது. வாடிக்கையாளரின் எரிச்சலைத் தாங்கியது கடைதானே.

எமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பத்து வாரம் காத்திருந்து, பிறகு இரண்டு மூன்று தடவை போன் எடுத்துக் கேட்டால் அந்தத் தவணையும் முடிந்துவிடும். இது தற்செயலா என்று எனக்குத் தெரியாது.

இப்போது படிவத்துக்குப் பதிலாக பில்லைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். தபால் செலவு மிச்சம், காத்திருப்பு அதேதான். நமக்கு வர வேண்டிய ஸ்கீம் காசையே கம்பனிகள் மாதக் கணக்கில் இழுத்தடிப்பது வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. மாதா மாதம் சரக்கெடுக்கும் நமக்கே இந்த நிலை என்றால், ஒரே ஒரு பிரிட்ஜ் வாங்கியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சகோதரருக்கு 5,000 ரூபாவை எனது லாச்சியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார். அந்தப் பிரிட்ஜில் எனக்கு மிஞ்சியது அதைவிடக் குறைவு. ஆனாலும் அவர் என்னைப் பார்த்துத்தான் வாங்கினார், கொழும்பில் இருப்பவரைப் பார்த்து அல்ல. ஜும்ஆவில் எதிர்ப்படுவதும் என்னைத்தான்.

பிறகு அதே மாதிரிச் சுவரொட்டியுடன் இன்னொரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். கழிவை எனக்குத் தரும் இன்வொய்ஸில் குறைத்துக் காட்டுங்கள், அதே தொகையை நான் வாடிக்கையாளரின் பில்லில் குறைக்கிறேன், சுவரொட்டியையும் முன்வாசலிலேயே ஒட்டுகிறேன் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறிப் போனார். இன்னும் பதில் இல்லை.