பென்குவின் வீட்டுக்கு எத்தனை விருந்தாளி?



சுற்றுலா போனால் தங்க விடுதி வேண்டும். சாப்பாடு, கழிப்பறை, மருத்துவமனை வேண்டும். கப்பலில் வரும் பயணிகளுக்குக் கரையில் இவை எதுவுமே கிடைக்காத கண்டம் ஒன்று உண்டு. அதுதான் அண்டார்க்டிகா!

அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்துதான் பெரும்பாலான கப்பல்கள் புறப்படும். கொந்தளிக்கும் டிரேக் கடலைக் கடக்க ஏறத்தாழ 2 நாள் ஆகும். உணவு, படுக்கை, மருத்துவர் எல்லாம் கப்பலிலேயே. பிளாஸ்டிக் குப்பையைக் கடலில் வீசக் கூடாது. திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

ஆபத்து வந்தால்? 2007 நவம்பரில் 'எக்ஸ்புளோரர்' என்ற பயணக் கப்பல் பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் படகுகளில் குளிரில் நடுங்கியபடி காத்திருந்தனர். நல்லவேளையாக, வேறொரு கப்பல் வந்து அனைவரையும் காப்பாற்றியது. ஆனால், எண்ணெய் கடலில் கசிந்தது.

நல்ல விதிகளும் இருக்கின்றன. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. பென்குவினிடமிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். வெளியூர் விதையும் கிருமியும் ஒட்டிவராதபடி காலணியைக் கழுவ வேண்டும்.

ஆனால், ஒரு முக்கியமான விதியைக் காணோமே! ஓர் ஆண்டில் மொத்தம் எத்தனை பேர் போகலாம்? அதற்கு வரம்பே இல்லை. 2022-23 பருவத்தில் போனவர்கள் 1 லட்சத்தைத் தாண்டினர். அவர்கள் போவதும் கோடையில். பென்குவின் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதும் அதே கோடையில்தான். நூறு நூறு பேராக நாள் முழுதும் வந்துகொண்டே இருந்தால், அது என்ன செய்யும், பாவம்?

"நேரில் பார்த்தால்தானே அந்த இடத்தின் மேல் அன்பு வரும்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். யாருமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மொத்த எண்ணிக்கைக்கும் ஓர் அளவு வேண்டும் என்றே சொல்கிறேன்.

இது எளிதல்ல. அந்தக் கண்டத்துக்குத் தனி அரசாங்கம் கிடையாது. 1959இல் உருவான அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின்படி, முடிவெடுக்கும் உரிமை பெற்ற நாடுகள் எல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் இந்தியாவும் ஒன்று. 2024 மே மாதம் கொச்சியில் கூடிய கூட்டத்தில், சுற்றுலாவுக்கென விதிமுறை வகுக்கத் தனிக்குழு அமைந்தது. அந்தக் குழு வரம்பையும் வகுக்கட்டும்!

நாளை உங்களில் யாராவது அங்கே போகலாம். அப்போதும் பென்குவின் குஞ்சுகள் நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்க வேண்டாமா, செல்வங்களே?