பட்டினியைப் படிக்க விரும்பும் பிள்ளைகள்

"கணினித் துறைக்குப் போக வேண்டிய பெண், பட்டினியைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்கிறாள். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள், அண்ணா." நியூ செர்சியில் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வந்த ஒரு தாயார் என்னிடம் இவ்வாறு முறையிட்டார். பொருளியலில் பட்டம் பெற்ற அவருடைய மகள், பன்னாட்டு வேளாண் வளர்ச்சியில் முதுகலை பயில விரும்புகிறார். பொறியியல் படித்து மென்பொருளால் பிழைப்பவனாகிய நான் தம் பக்கம் பேசுவேன் என்று தாயார் எண்ணியிருக்கக்கூடும். நானோ மகளின் பக்கம் பேசினேன்.

இவ்வழி தமிழருக்குப் புதியதன்று. 1925இல் கும்பகோணத்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் மருத்துவராவார் என்றே குடும்பம் எதிர்பார்த்தது. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் அவர் மனத்தை மாற்றியது. கோவை வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வாகியும், யுனெஸ்கோ உதவித்தொகையுடன் நெதர்லாந்துக்கு உருளைக்கிழங்கு மரபியல் ஆராயச் சென்றார். கையில் வந்த அரசுப் பதவியை விட்டுவிட்டுக் கிழங்கு ஆராயச் சென்ற பிள்ளையைப் பற்றி அன்றைய ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்! 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும், பின் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வும் முடித்து, அங்கேயே கிடைத்த வேலையை ஏற்காமல் 1954இல் நாடு திரும்பினார்.

ஆயினும் விதை மட்டும் பசியைத் தீர்ப்பதில்லை. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை இந்தியா எதிர்பார்த்திருந்த அறுபதுகளில், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. உழவருக்கு உரிய விலை, அரசுக் கொள்முதல், சேமிப்புக் கிடங்கு ஆகியனவும் உடன் அமைந்தமையால்தான் அது பயன் தந்தது. உணவுக் கொள்கை என்பது இதுவே.

அத்துறையில் நம்மவர் போதிய அளவில் இல்லாமையின் விலையையும் நாம் அறிவோம். 2009இன் தொடக்கத்தில் வன்னிப் போர்ப்பகுதியில் 70,000 பேரளவிலேயே மக்கள் உள்ளனர் என்று இலங்கை அரசு கூறியது. போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 2,80,000 பேர். உணவும் மருந்தும் அனுப்புவதற்கு அடிப்படை, தலைக்கணக்கு. அக்கணக்கு வேண்டுமென்றே குறைக்கப்பட்டது என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் அறிக்கை தந்தது. நாம் அப்போது வீதிகளில் பதாகை ஏந்தி நின்றோம், அது தேவையே. ஆனால் உணவு ஒதுக்கீட்டு அட்டவணையைப் படித்து, அன்றே அதை எண்களால் மறுக்கப் பயிற்சி பெற்றவர் நம்மிடையே எத்தனை பேர் இருந்தனர்?

வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் அச்சம் பொய்யன்று. அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமையாகிய யுஎஸ்எய்ட் 2025இல் கலைக்கப்பட்டது. அனுபவம் மிக்கோர் பலர் வேலை இழந்தனர். ஆதலால் இத்துறைக்கு வரும் இளையோர் ஆர்வத்தை மட்டும் நம்பி வரலாகாது. புள்ளியியலும் வேளாண் பொருளியலும் கசடறக் கற்க வேண்டும். அவை உணவு வணிகத்திலும் காப்பீட்டிலும்கூடச் சோறு போடும். குறைந்தது ஓராண்டேனும் ஓர் உழவர் ஊரில் தங்கிப் பணி செய்ய வேண்டும். கிளிநொச்சியிலோ தஞ்சையிலோ உழவரிடம் மொழிபெயர்ப்பாளரின்றிப் பேச வல்ல தமிழ், இவ்விடத்தில் ஒரு தொழில் தகுதியும் ஆகும். தமிழ்ப்பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு!

படிக்க நெடுந்தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. நியூ செர்சியில் ரட்கர்ஸ், விரிகுடாப் பகுதியினர்க்கு அருகே டேவிஸ், டெக்சாஸில் நார்மன் போர்லாக் பல்லாண்டு கற்பித்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆகிய மூன்றும் வேளாண்மைக்குப் பெயர் பெற்ற பல்கலைக்கழகங்கள்.

அப்பெண் டேவிசுக்கு விண்ணப்பித்திருக்கிறார். தாயார் இன்னும் முழுமனத்துடன் இசையவில்லை. ஆயினும் விண்ணப்பக் கட்டணத்தை அவரே செலுத்தினாராம்.